பனியன் மாட்ட முடியாத கட்டிங் மாஸ்டர்

திருப்பூரில் கட்டிங் டேபிள் முன்னால் நின்றவர்களில் என் அளவுக்குத் துணி தெரிந்த ஒருவன் இருந்தால் கூட்டி வாருங்கள். டீயும் பன்னும் என் செலவு. படித்தது ஐந்தாம் வகுப்பு. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துணியை என் கையில் கொடுங்கள். என்ன நூல், என்ன கனம், துவைத்தால் நீளத்தில் சுருங்குமா அகலத்தில் சுருங்குமா என்று புறங்கையால் தடவியே சொல்லிவிடுவேன். பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பெருமையும்தான்.

இத்தனை தெரிந்தவன் ஒரு காலத்தில், நானே வெட்டிய பனியனைத் தலை வழியாக மாட்ட முடியாமல் நடுக்கூடத்தில் நின்றேன். கட்டிங் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் கண்ணுகளா, உங்களுக்கு துணியில் மார்க்கர் கோடு போடுவதையும் கத்தி பிடிப்பதையும் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். பயத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

கட்டிங்குக்கு வருவதற்கு முன் நான் சாயப்பட்டறையில் இருந்தேன். அங்கே ஒரு நாள் கொதிக்கிற சாயத்தண்ணீர் என் வலது தோளில் கொட்டி அக்குள் வரைக்கும் வழிந்தது. வெந்த இடம் ஆறி, தோல் சுருங்கி, பளபளவென்று ஒரு தழும்பு நின்றுவிட்டது. பட்டாளத்துக்காரன் மெடலைக் காட்டுகிற மாதிரி அதைக் காட்டித் திரிந்தேன். வருஷங்கள் ஓடின. பேரன் பேத்தி எடுத்த வயதில், அந்தத் தழும்பின் நடுவில் ஒரு புண் வந்தது. ஆறுகிற மாதிரி பொருக்குத் தட்டும், பிறகு வெடித்துக் கசியும். சட்டை உராய்கிறது என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். நாற்றம் வர ஆரம்பித்ததும் என் சம்சாரம் விடவில்லை. கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். தோல் புற்றுநோய் என்றார் டாக்டர். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் வந்தால் இப்படியும் ஆகலாமாம். "முன்னாடியே வந்திருக்கலாம் நீங்க" என்றார். சாயப்பட்டறையிலும் பாய்லர் பக்கத்திலும் வெந்த ஆட்கள் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால், இந்த ஒரு வார்த்தையை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள்.

ஆபரேஷன் நடந்தது. புண்ணை மட்டும் எடுக்கவில்லை. சுற்றியிருந்த தழும்பையும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துவிட்டு, என் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி அந்த இடத்தில் ஒட்டினார்கள். கட்டைப் பிரித்த அன்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நர்ஸம்மா, "கண்ணத் தொறந்து பாருங்க, நல்லா ஒட்டிப் பிடிச்சிருக்கு" என்றார். பார்த்தேன். என் தோளில் யாரோ வேறு துணியில் ஒட்டுப் போட்டமாதிரி இருந்தது. மறுபடி மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ஒட்டுப் பிடிக்கிற வரைக்கும் அசைக்கக் கூடாது என்று வைத்திருந்தோம். இனிமேல் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பழக வேண்டும். பிசியோதெரபிக்கு வாருங்கள். நான் தலையை ஆட்டினேன். போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதில்தான் என் தொழில் வருகிறது.

எனக்குக் கட்டிங் சொல்லித்தந்த மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். சேர்ந்த புதிதில், அவர் இல்லாத நேரத்தில், வந்திறங்கிய ரோலை உடனே விரித்து வெட்டிவிட்டேன். சீக்கிரம் முடித்தேன் என்று பாராட்டு எதிர்பார்த்து நின்றேன். ரோலில் இழுபட்டுச் சுற்றியிருந்த துணி, வெட்டிப் போட்டபின் மெதுவாகச் சுருங்கியது. பெரிய ஆளுக்கு வெட்டியது சின்னப் பையனுக்கு ஆகிற மாதிரி ஆனது. மாஸ்டர் திட்டவில்லை. வெட்டிய பீஸை அளவு அட்டை மேல் வைத்துக் காட்டினார். "துணிய அவசரப்படுத்தாதே கண்ணு. பிரிச்சுப் போட்டுட்டு அக்கட்டால போயிரு. அது தானா அடங்கோணும். அப்பறம் கத்தியெடு."

நாம் ரிலாக்ஸ் போடுவது என்கிறோமே, அதுதான். அன்றைக்குப் பிறகு நான் அடங்காத துணியில் கத்தி வைத்ததில்லை. என் பேர் திருப்பூரில் நின்றதே அதனால்தான். எவ்வளவு பெரிய ஆர்டர் தலைக்கு மேல் நின்றாலும், முதலாளியே வந்து கத்தினாலும், "அடங்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

தோளில் ஒட்டிய தோலையும் நான் அப்படித்தான் நினைத்தேன். புதுத் துணி, பழைய துணியோடு சேர்ந்திருக்கிறது. ஆடாமல் அசையாமல் கிடந்தால் தானாக அடங்கும். இவர்கள் படித்த டாக்டர்கள், தோலைத் தெரிந்தவர்கள். ஆனால் ஒட்டுப்போட்ட பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? பார்க்க வந்தவர்களும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கீழே வைத்ததும் அதையே சொன்னார்கள். "கைய மட்டும் அசைச்சுப் போடாதீங்க மாஸ்டர்!" எல்லாரும் என் பக்கம் இருந்தார்கள்.

வெளியில் சொன்ன காரணம் அது. உள்ளே இருந்தது பயம். கையைத் தூக்கினால் தையல் விட்டமாதிரி அந்தத் தோல் ஓரத்திலிருந்து பிரிந்து வரும் என்று பயம். சோறு பிசையும்போது பயம். டவுன் பஸ்ஸில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று, இடது கையால் வலது முழங்கையை ஏந்திப் பிடித்தபடி, ஏதோ கைக்குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி போவேன். மேலே கம்பியைப் பிடிக்கமாட்டேன். டிரைவர் பிரேக் போட்டால் அடுத்தவர் மேல் விழுவேனே தவிர, அந்தக் கையை எடுக்கமாட்டேன்.

வேலைக்குத் திரும்பினேன். மாஸ்டருக்குக் கை எதற்கு, கண் போதும் என்று நின்ற இடத்திலிருந்தே வேலை வாங்கினேன். கொஞ்ச நாளில் தோளுக்குள்ளே ஆழமாக ஒரு வலி ஆரம்பித்தது. தோலில் வலி இல்லை. எலும்புக்குப் பக்கத்தில் எங்கேயோ. கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் கொண்டுபோனால் யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிடும்.

எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான். அது திரும்பி வந்துவிட்டது. வெளியே இடம் இல்லாததால் உள்ளே போயிருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. செக்கப் தேதி வந்தது. "ஆர்டர் அவசரம், அப்பறம் போய்க்கலாம்" என்று சம்சாரத்திடம் சொல்லிவிட்டேன். போய்க் கேட்டால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் அது இல்லை. கத்தி முனையில் ஆயுசைக் கழித்த நான் இப்படிக் கணக்குப் போட்டேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்து, பூஜைக்குப் போட்டுக்கொண்டு வரச் சொல்வது வழக்கம். அதுவரைக்கும் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையாகப் போட்டுச் சமாளித்திருந்தேன். அன்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பனியனை மாட்டினேன். இடது கை போனது, தலை பாதி போனது. வலது கையை நுழைக்கப் போனபோது தோள் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. முகத்தில் துணி. மூச்சு விட்டால் துணி வாய்க்குள் வருகிறது. இழுத்தால் ஒட்டுத் தோல் பிய்ந்துவிடும் என்கிற பயத்தில் அப்படியே நின்று, "ஏம்புள்ள!" என்று கத்தினேன்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? ஐயோ சாமி!"

"இழுக்காதே! இழுக்காதே! கத்திரி கொண்டா!"

அவள் சமையல்கட்டிலிருந்து பால் பாக்கெட் வெட்டுகிற கத்திரியைக் கொண்டுவந்து முதுகுப் பக்கமாக வெட்டினாள். கோணலாக வெட்டினாள். அந்த நிலைமையிலும் அது எனக்கு உறுத்தியது.

வெளியே வந்து மூச்சு வாங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், கையில் இருந்த பனியன் துண்டை மடித்தபடி கேட்டாள்.

"மறுக்கா அதானுங்களா?"

"எது?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்."

"சும்மா சதைப்பிடிப்பு. பூஜைக்கு நேரமாச்சு, சட்டைய எடு."

அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பட்டனையும் அவளே போட்டுவிட்டாள். இரண்டு பேரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. பூஜையில் எல்லாரும் மஞ்சள் பனியனில் நிற்க, நான் மட்டும் வெள்ளைச் சட்டையில் நின்றேன். "மாஸ்டருக்கு மட்டும் தனி யூனிஃபாரம்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

எங்கள் கட்டிங் ஹாலில் ஒரு தூணில் மெயின் சுவிட்ச் இருந்தது. போகிற வருகிறவர்கள் தோள் பட்டு அணைத்துவிடுகிறார்கள் என்று, அதை உயரத்தில் வைக்கச் சொன்னவன் நான். "என் கைக்கு எட்டினாப் போதும், வை" என்று எலக்ட்ரீஷியனிடம் கையை உயர்த்திக் காட்டினேன். நான் நல்ல உயரம். அங்கே மற்றவர்கள் எம்பித்தான் தொட வேண்டும்.

செல்வராசு என்று ஒரு கட்டர். தேனிப் பக்கத்துக்காரர், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா, அலட்டாத வேலைக்காரர். ஒரு நாள் அவர் துணி வெட்டுகிற மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுத் துணியைக் கத்தி இழுத்துவிட்டது. மெஷினின் சுவிட்சைத் தட்டினார். அது ஒட்டிக்கொண்டு அணையவில்லை. கத்தி மேலும் கீழும் ஓடுகிறது, துணியோடு கையும் உள்ளே போகிறது. அவர் மறுகையால் மெஷினைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணே! கரண்ட அமத்துங்கண்ணே!"

நான் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பழக்கத்தில் வலது கைதான் போனது. நெஞ்சு வரைக்கும் போனது. அங்கே நின்றது.

இடது கையால் தொட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதை எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். என் இடது கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு மனிதனின் கை போய்க்கொண்டிருக்கிறது. நான் என் ஒட்டுத் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கத்தில் துணி விரித்துக்கொண்டிருந்த ஒடிசாக்காரர் ஒருவர் டேபிள் மேல் ஏறி, மேலே இருந்த வயரைப் பிளக்கோடு பிடுங்கினார். மெஷின் நின்றது. செல்வராசுக்கு உள்ளங்கையில் வெட்டு. தையல் போட்டார்கள், விரல்கள் தப்பின. முதலாளி அடுத்த நாளே கீழே கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு பட்டன் ஒன்று வைக்கச் சொன்னார். மேலே இருந்த பழைய சுவிட்ச் அப்படியே இருந்தது.

கட்டுப் போட்ட கையோடு சம்பவத்துக்கு அடுத்த வாரம் செல்வராசு வந்தார். திட்டியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டார்.

"ஏண்ணே, நீங்க பக்கத்துலதான நின்னீக? ஒங்களுக்கு என்னண்ணே செய்யுது?"

அன்று வீட்டுக்குப் போய், "நாளைக்குக் கோயமுத்தூர் போலாம்" என்று சம்சாரத்திடம் சொன்னேன். அவள் பை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே என் பேரைக் கூப்பிட வேண்டும் என்றும் இருந்தது, கூப்பிடவே கூடாது என்றும் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களில் யார் பேரைக் கூப்பிட்டாலும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். சம்சாரம் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, நாரையும் எடுத்து, என் கையில் வைத்தாள். நான் தின்னவில்லை. அவள் திரும்ப வாங்கிக்கொண்டு, வெறுமனே வைத்திருந்தாள்.

கூப்பிட்டார்கள்.

டாக்டர் அக்குளில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார், ஒட்டின ஓரங்களைப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். பிறகு, "கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். நெஞ்சு வரைக்கும் வந்தது.

"நோய் திரும்பி வரலைங்க. அதுக்கான அடையாளம் ஒண்ணும் இல்லை."

"அப்ப இந்த வலி?"

"தோள் இறுகிப் போச்சு. ஒட்டின தோலும் அக்குள் பக்கம் சுருங்கியிருக்கு. ஏன், நீங்க கையைத் தூக்கவே இல்லையா?"

சம்சாரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தேன். கோபப்பட அந்த அறையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. தன் சொந்த ஊர் திருப்பூர்ப் பக்கத்து அனுப்பர்பாளையம் என்று அவர் சொன்னதும், நான் யார், திருப்பூரில் என் பேர் என்ன என்று ஆரம்பித்தேன். ஒட்டுத் தோலை ஏன் அசைக்காமல் வைத்தேன் என்று துணிக்கணக்கையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்கப்பா ஸ்டென்டர்ல வேலை பார்த்தவருங்க" என்றார். "ஈரத்துணி காயும்போது சுருங்கும்ல, அப்ப ஸ்டென்டர்ல என்னங்க பண்ணுவாங்க?"

"ரெண்டு ஓரத்துலயும் ஊசியில மாட்டி, அகலத்துக்கு இழுத்துப் பிடிச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன்.

"ஆமாங்க. சுருங்கற பொருளை நீங்க மடிச்சுப் போட்டு வச்சுட்டீங்க. கைய ஒடம்போட ஒட்டி வச்சா, அந்த அளவுக்கே அது சுருங்கி நின்னுக்கும்."

திருப்பூரில் இருந்துகொண்டு, எந்த மெஷினுக்குப் போக வேண்டிய துணியை எந்தப் பக்கம் அனுப்பினேன் பாருங்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், அது எனக்குத் தெரியாமல் இல்லை. பயம்தான் எனக்கு வேண்டிய பாடத்தை மட்டும் என் அனுபவத்திலிருந்து பொறுக்கி எடுத்தது. உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்: பயந்து நிற்கிற இடத்துக்கு அனுபவம் என்று பேர் வைத்துவிடாதீர்கள். தெரியாதவன் பயந்தால் கேட்பான். தெரிந்தவன் பயந்தால் விளக்கம் சொல்வான்.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சுவரில் விரல்களை வைத்து, எறும்பு ஏறுகிறமாதிரி மேலே நகர்த்த வேண்டும். வலி வரும், பொறுக்கிற அளவுக்குப் போய் நிறுத்த வேண்டும். "முரட்டுத்தனமா ஏத்தக் கூடாதுங்க" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சுவருக்குப் பதிலாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தூணில் விரலால் ஏறினேன். சுவிட்ச் இருக்கும் தூண். எட்டிய இடத்தில் நம்முடைய மார்க்கிங் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன்.

"மாஸ்டர் பல்லி மாதிரி ஏறுறாரு பாருங்கடா" என்று ஒருவன் சொல்வான். செல்வராசு மட்டும் வந்து கோட்டைப் பார்ப்பார். "நேத்தைக்கு விட மேல வந்திருக்குண்ணே" என்பார். சில நாள் கோடு கீழே இறங்கியிருக்கும். அன்று டீ வாங்கி வருவார்.

ஒரு நாள் வீட்டில் கையை நகர்த்தும்போது தோளுக்குள் 'படக்' என்றது. உயிர் போய்விட்டது எனக்கு. பிய்ந்தே விட்டது என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். "பாரு, பாரு, ரத்தம் வருதா பாரு!" சம்சாரம் சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க. அப்படியேதான் இருக்குது." நான் நம்பவில்லை. கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி நானே பார்த்தேன். கட்டைப் பிரித்த நாளுக்குப் பிறகு அந்தத் தோலை நான் நேராகப் பார்த்தது அன்றுதான். என் தொடைத் தோல், என் தோளில். ஓரத்தில் ஒரு நூல்கூட விடவில்லை. ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். ஒட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இறுகியிருந்தது கொஞ்சம் இளகியிருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகும் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் தூக்கினேன்.

கோடுகள் மெதுவாகச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போயின. ஒரு வேலை நாள், ஹால் முழுக்க மெஷின் ஓடுகிறது, எக்ஸ்போர்ட் கண்டெய்னர் வெளியே காத்து நிற்கிறது. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சும்மா கையைத் தூக்கினேன். நெஞ்சைத் தாண்டியது. முகத்தைத் தாண்டியது. விரல் சுவிட்சின் பிடியில் பட்டது. என்ன தோன்றியதோ, பிடித்துக் கீழே இழுத்தேன்.

ஹால் மொத்தமும் செத்துப்போனது. மெஷின், ஃபேன், லைட் எல்லாம். "யார்றா அது?" என்று ஒரே கூச்சல். முதலாளி ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், என்னாச்சுங்க? யாருக்காவது அடிபட்டுப் போச்சுங்களா?"

"இல்லீங்க. எட்டுதான்னு பாத்தனுங்க."

அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து செல்வராசு, தையல் தழும்பு விழுந்த கையை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார்.

"சரிங்க, எட்டிருச்சு. சுவிட்ச மேல போட்டுட்டுக் கைய எறக்குங்க மாஸ்டர், கண்டெய்னர் நிக்குது" என்றார் முதலாளி.

சுவிட்சை மேலே தள்ளினேன். லைட் வந்தது, மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. ஆனால் கையை உடனே இறக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தூணைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். திமிர் என்று நினைத்திருப்பார்கள். திமிர் இல்லை, கண்ணுகளா. இறக்கிவிட்டால் நாளைக்கு மறுபடி ஏறுமா என்று பயமாக இருந்தது.

பிறகு இறக்கினேன். அடுத்த நாள் காலையில், ஆயுத பூஜைக்குக் கொடுத்து வெட்டுப்பட்ட அந்தப் பனியனை, சம்சாரம் முதுகில் கோணலாகத் தைத்து வைத்திருந்ததை எடுத்தேன். கதவைச் சாத்தவில்லை. தலை வழியாக மாட்டினேன். வலது கையும் போனது.